கெட்டில் கடைசியில்

வெஸ்ட்வில், இரண்டாவது மாடி லேப்.
எட்டு மணிக்கு மின்வெட்டு என்கிறது போன்.
இன்னும் நாற்பது நிமிடம்.

மூவ் என்று எழுதுகிறேன்.
பேர்தான் நகர்த்து;
செய்வதெல்லாம் நகல்.
எடுத்த இடத்திலும் ஏழு,
வைத்த இடத்திலும் ஏழு.

அப்பா கேட்டால் சிரிப்பார்.
சாட்ஸ்வொர்த்தில் வீடு மாற்றும் லாரி அவருடையது.
அவர் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கினால்
தரையில் சதுரமாய் வெளுப்பு,
செத்த கரப்பான், என்றோ தொலைந்த ஸ்பூன்.
இங்கே எதைத் தூக்கினாலும்
தரை தெரிவதில்லை.

அடுக்கு மட்டும் முதல் நாளே புரிந்தது.
கட்டில் முதலில், பீரோ அதன்மேல்,
கெட்டில் கடைசி.
போய்ச் சேர்ந்ததும் முதலில் இறங்க வேண்டியது
அதுதானே.
நொம்வுலா மூன்று வாரம் முட்டிக்கொண்ட பாடத்தை
எட்டு வயதில்
லாரியின் பின்கதவில் நின்றே படித்துவிட்டேன்

என்று பீற்றிக்கொண்டதுதான் மிச்சம்.

ஏற்றியது நாலு. இறக்கியது மூன்று.
திரும்பு என்றதும் புரோகிராம்
மேலே கிடந்ததைக் கையிலெடுத்து
முகவரி என்று நம்பிக்
கிளம்பிவிட்டது,
கெட்டிலின் அடியில் பொறித்திருக்கும்
இருநூற்று முப்பது வோல்ட்டைக்
கதவு எண்ணாக வைத்துக்கொண்டு.

நொம்வுலா மேசையைத் தட்டிச் சிரிக்கிறாள்.
எங்கே போச்சு?
யார் கண்டது.

விட்டுப்போன ஒரு வரியைத் தேடுகிறேன்.
ஏழு ஐம்பத்தெட்டு.
சேவ் பண்ணு, சேவ் பண்ணு என்கிறாள்.
கீழே யாரோ ஜெனரேட்டர் கயிற்றை
இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள்.