புறமுதுகு

விதிப்புத்தகத்தில் இத்ரருக்கு
நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அரைப் பத்தி.
குள்ளம். நீண்ட கை.
போர்க்கப்பல்களின் அடித்தட்டில் பெருகுகிறவர்கள்.
துணிவு: இரண்டு.
தனிப் படம்கூட இல்லை,
வேறோர் இனத்தின் படத்தில்
ஒரு பூட்ஸுக்குக் கீழே ஒருவன் தெரிகிறான்.

யாரும் அவர்களைத் தனிப் படையாக இறக்கியதில்லை.
செலவு குறைவு என்று
முன்வரிசையில் நிறுத்துவோம், குண்டு வாங்க.
நானும் நிறுத்தியிருக்கிறேன்.
எத்தனை பேர் என்று எண்ணியதில்லை.

கிதினியா. பிப்ரவரி. சைக்கிள் கடையின் நிலவறை.
ஹீட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் லுபோமிரின் பக்கம்.
தோப்ராவா கருவிப்பெட்டியைத் திறந்து
நாற்பத்தாறு இத்ரரை
மேசை ஓரத்தில் அடுக்கினாள்,
அத்தனை பேரும் எனக்கு முதுகு காட்டி.

"திருப்பி வை."
"சரியாகத்தான் வைத்திருக்கிறேன்."

முகங்களில் சாம்பல் பூச்சு, அவ்வளவுதான்.
முதுகுகளைத்தான் தீட்டியிருந்தாள்
மூன்று மயிர்த் தூரிகையால்.
ஒருவன் முதுகில் ஏணி.
ஒருத்தி முதுகில் இரண்டு பிறந்தநாள், ஒன்றை அடித்துவிட்டு.
ஒரு கிழவன் முதுகில் மீன்முள்.
இன்னொருத்தி முதுகில் கடன் கணக்கு;
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்,
கூட்டல் சரி.

அவள் துறைமுகத்தில் வெல்டர்.
கப்பலின் இரட்டை அடித்தளத்துக்குள்
தோள் நுழையாத துளைவழியே போகிறவள்.
அங்கே முன்னால் ஊர்கிறவரின் முதுகைத் தவிர
பார்க்க ஒன்றும் இருக்காது என்றாள்,
விழுந்த பகடையைத் தேடிக்கொண்டே.

பிறகு ஆட்டத்தின் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக:
இத்ரர் ஒற்றை வரிசையில் பிறந்து வளர்கிறவர்கள்.
அவர்களுக்கு ஆள் என்றால் முதுகு.
காதலைத் திரும்பாமல் சொல்வார்கள்,
பின்னால் வருகிறவருக்கு.
முகத்துக்கு நேரே பார்த்தால் அது வசவு;
வழியை மறிக்கிறாய் என்று பொருள்.
'ஓடு' என்பதும் 'என் பின்னே வா' என்பதும்
அவர்கள் பேச்சில் ஒரே சொல்.

"சாமி?"
"வரிசையில் கடைசியாக வருபவர்.
அவர் முதுகை யாரும் பார்த்ததில்லை."

"புத்தகத்தில் இப்படி இல்லையே."
"எழுதியவர் பூட்ஸ் போட்டிருந்தார்."

மூன்றாம் சுற்றில் என் இரும்புத் தளபதி மோதினான்.
அவள் உருட்டினாள். ஐந்து. துணிவோ இரண்டு.
பாதி வரிசை கலைந்து ஓடியது.
நான் சிரித்தேன்.
விதி பதினான்கு நினைவில் இல்லை எனக்கு:
வென்றவன் துரத்தியே தீர வேண்டும்.

துரத்தினோம்.
டேப் வைத்து அளந்து அளந்து துரத்தினோம்,
தகரடப்பா இடிபாடுகளைத் தாண்டி,
அட்டைக் குன்றைத் தாண்டி,
ஏணியை, மீன்முள்ளை, கடன் கணக்கைப் பார்த்துக்கொண்டே
மேசை விளிம்பையும் தாண்டி
லுபோமிரின் தேநீர்க் கோப்பையருகே போய் நின்றோம்.
முந்நூறு புள்ளிப் படை, ஆட்டத்துக்கு வெளியே.

நடுவில் எரிபொருள் கிணற்றை
மிச்சமிருந்த ஒன்பது பேர் சூழ்ந்து நின்றார்கள்,
அதைப் பார்த்தபடி,
எங்கள் எல்லோருக்கும் முதுகைத் தந்து.

"இது போரே இல்லை" என்றார் லுபோமிர்,
மதிப்பெண்ணை எழுதிக்கொண்டு.
தோப்ராவா ஒவ்வொருவரையும் துணியில் சுற்றினாள்.
செத்தவர்களை முதலில்.

கடைசி ரயில் பதினொன்றே காலுக்கு.
பனியில் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கே
வழி வெட்டியிருந்தார்கள்.
அவள் முன்னால். வேலைக் கோட்டின் முதுகில்
ஒளிரும் பட்டைகள் இரண்டு,
ஒன்று பாதி உரிந்து தொங்கியது.
தோற்றதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
பாலத்தின் மேல் வெளிச்சம் தெரிந்தது.
அவள் திரும்பவில்லை.
"ஓடு" என்றாள்.