பதினோராம் ஷரத்து

வட்டத்தை முதலில் வரை.
பெயரைப் பிறகு சொல்.
மாற்றிச் செய்தவர்களின் பாத்திரத் தாள்கள்
இல்போவின் பழைய ஷூ பெட்டியில் கிடக்கின்றன.
ஏழு பேர்.
அதில் இரண்டு பேர் நான்.

குவோப்பியோவில் இன்று மைனஸ் இருபத்தாறு.
சலவைக்கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே யாருடைய போர்வையோ சுழல,
உருட்டிய பகடை நின்ற பிறகும்
மேசை கொஞ்சம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

பகலில் நான் வாடகை ஒப்பந்தம் எழுதுகிறவள்.
நாய் வளர்க்கலாமா,
பால்கனியில் மீன் சுடலாமா,
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு வரி உண்டு.
வோர்மெக்கை அழைக்க
உப்பும் எலும்பும் தேடவில்லை நான்.
பேனா தேடினேன்.

"காவல் செய்" என்று மொட்டையாகச் சொல்லாதே.
எதை, யாரிடமிருந்து, எதுவரை?
அந்த "எதுவரை"யில்தான் பூதம் குடியிருக்கும்.
போன குளிர்காலம் வென்லா
"பாலத்தைக் காப்பாயாக" என்று மட்டும் சொல்லி
நெருப்புப் பூதம் ஒன்றை நிறுத்தினாள்.
காத்தது.
எங்களிடமிருந்தும்.

கேள்வி கேட்காதே, கேள்வி திறந்த கதவு.
நன்றி சொல்லாதே, அதற்கு வட்டி உண்டு.
அது சிரித்தால் நீயும் சிரி,
ஒரு நொடி தாமதமாக.
கூலியை நீயே முந்திச் சொல், சின்னதாக:
ஒரு நிழல்,
ஒரு கடைவாய்ப் பல்,
மறந்தாலும் பாதகமில்லாத ஒரு செவ்வாய் மதியம்.

இருபது முகப் பகடையில் பத்தொன்பது விழுந்தது.
துக்கா மேசையைத் தட்டினான், தேநீர் சிந்தியது.
இல்போ கண்ணாடியைக் கழற்றினான்.
கண்ணாடி இல்லாவிட்டால் அவன் வோர்மெக்.
பகலெல்லாம் பனி வாரும் வண்டி ஓட்டிக்
கம்மிய குரல் அவனுக்கு,
பூதத்துக்கு அது போதும்.

பதினொரு ஷரத்தையும் படித்தது.
உறுமவில்லை.
வட்டத்தின் கோட்டைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை.
சம்மணமிட்டு உட்கார்ந்து
கடைசி வரியில் விரல் வைத்தது:
"இந்த மேசையில் இந்த நால்வரும் கூடும் காலம்வரை."
"காத்திருக்கிறேன்" என்றது.

என்றென்றைக்கும் என்பதற்கு
நான் கண்டுபிடித்த சொல் அது.
எழுதியபோது நிறையப் பெருமைப்பட்டேன்.

துக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
தோலை அறுக்காமல் ஒரே சுருளாக எடுக்க
எப்போதும் மெனக்கெடுவான்.
"திங்கட்கிழமை நார்விக் போறேன்.
துறைமுகத்துல கிரேன் வேலை.
சொல்லணும்னுதான் இருந்தேன்."

கீழே சலவை இயந்திரம் நின்றது.

வென்லாதான் முதலில் பேசினாள்,
கணினித் திரை வழியாக ஆடலாமே என்று.
"மேசை என்று எழுதியிருக்கிறது" என்றது வோர்மெக்,
"திரையும் மேசைதான் என்று எங்கே இருக்கிறது?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லோரும் சிரித்தோம்,
ஒரு நொடி தாமதமாக.

கட்டுகிற கயிற்றின் மறுமுனை
கட்டியவள் மணிக்கட்டில் கிடக்கும்.
தெரியும் எனக்கு.
தெரிந்ததை எந்த ஷரத்தில் எழுதுவது?

அதனால் விதி மீறிக் கேட்டேன்,
பூதத்தைப் பார்த்தா, துக்காவைப் பார்த்தா,
இப்போது நினைவில்லை:
"போகணுமா உனக்கு?"

இல்போ கண்ணாடியைக் கையில் எடுத்தான்,
போட்டுக்கொள்ளவில்லை.
துக்கா ஒரு சுளையை என் பக்கம் நகர்த்தினான்.
கட்டை விரலை நாக்கில் நனைத்து
விரிப்பில் வரைந்த வட்டத்தில்
ஓர் அங்குலம் அழித்தேன்.
மை நீலமாக நகத்தில் ஏறியது.

வழி திறந்திருந்தது.
எங்கள் நால்வரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு
வோர்மெக் சொன்னது:
"வெளியே குளிர் அதிகம்.
கொஞ்சம் பொறுத்துப் போகிறேனே."