கண்ணி

புகார்த் தாளில் கையெழுத்து இல்லை.
ஜெலுத்தோங் பசார் பின்புறம், கோழிக்கடைச் சந்து,
ஐந்து நாய்கள், ஒன்று சினை.
அவ்வளவுதான்.

குரைக்கிறது, துரத்துகிறது,
புதுக் காரின் சக்கரத்தில் காலைத் தூக்குகிறது
என்று எழுதுவார்கள்.
சினை என்று எழுதியவர்
இதுவரை யாருமில்லை.

ரோஸ்டி லோரியை நிறுத்துவான், இறங்கமாட்டான்.
எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும்,
அதில் ஒரு தரம் மண் கரைத்த நீரால்.
அடுத்த தொழுகைக்குள் எங்கே போவான் மண்ணுக்கு?
கோலை ஜன்னல் வழியே நீட்டுவான்.
நான் திரும்பும்போது
கொக்கியில் எனக்கொரு தே ஓ பொட்டலம் தொங்கும்.
பதினாறு வருடமாக
எங்கள் பாகப்பிரிவினை இது.

கோல் ஒன்றரை ஆள் நீளம்.
நுனியில் உறையிட்ட கம்பிக் கண்ணி.
இழுத்தால் இறுகும், விட்டால் நெகிழும்.
இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் உண்டு,
மூச்சு போய்வருகிற இடம்.
என் கைக்கு அது தெரியும்.
எனக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளிப் படிவத்தில் மகள் எழுதினாள்:
அப்பா, மாநகர் மன்ற ஊழியர்.
கல்யாண வீட்டில் யாரோ கேட்டபோது
சுகாதாரப் பிரிவு என்றாள் மனைவி.
இரண்டும் பொய்யில்லை.
எங்கள் பிளாட்டில் நாய்களுக்கு மட்டும்
என் உத்தியோகம் சரியாகத் தெரியும்.
ஞாயிற்றுக்கிழமை வேட்டி கட்டிக்கொண்டு இறங்கினாலும்
ஒன்று எழுந்து, மற்றதை எழுப்பி,
வழிவிட்டு நிற்கும்.
எங்கள் மேலதிகாரிக்குக்கூட
இந்த மரியாதை இல்லை.

சந்தில் ஈரம், இறகு, விடியாத வெளிச்சம்.
குழாயடியில் சீன ஆன்ட்டி ஒருத்தி குந்தியிருந்தாள்.
தகர டின்னில் சோறும் கோழித்தோலும்.
சுற்றிலும் வால்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் நான் வாங்காத ஏச்சில்லை,
ஹொக்கியனில், மலாயில், நல்ல தமிழில்.
ஒருமுறை மீன் கழுவிய தண்ணீர்.
டின் பறந்து வருமென்று
ஓரடி பின்னால் வைத்தேன்.

அவள் எழவில்லை.
"லம்பாட்" என்றாள்.
"எழுதிப் போட்டு ஒன்பது நாள்.
அப்போது ஐந்து இருந்தது."

எண்ணினேன்.
மூன்று.

சாக்கடை மூடிப் பக்கம் தாடையால் காட்டினாள்.
காகிதத்தில் மடித்த கறித்துண்டு,
அதன்மேல் பச்சையாய் ஏதோ பொடி.
யார் என்று நான் கேட்கவில்லை.
அவளும் இந்தச் சந்தில்தான் பிழைக்க வேண்டும்.

"உன் இடத்தில் எத்தனை நாள் வைப்பார்கள்?"
பலகையில் எழுதியிருப்பதைச் சொன்னேன்.
விரல்களை மடக்கிப் பார்த்தாள்.
"இங்கே அத்தனை நாள் இல்லை."

சினைநாயை மடியோடு சேர்த்து முகத்தைப் பிடித்தாள்.
ஏதோ பேர் சொல்லி அழைத்தாள்,
என் காதில் சரியாக விழவில்லை.
கண்ணி இறங்கியது.
"லொங்கார், லொங்கார்" என்று
கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே
தன் விரலை நுழைத்து அளந்தாள்.
அந்த இடத்தை
இன்னொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது தானாகவே வந்தது.
மூன்றாவது சுவரேறிக் குதித்து ஓடியது.
துரத்தவில்லை நான்.

டின்னைக் கழுவியபடியே சொன்னாள்:
"ராத்திரி அது திரும்பி வரும்.
நாளைக்கு வா."

நாளை சனிக்கிழமை, லோரி எடுப்பதில்லை.
அவளிடம் சொல்லவில்லை.
ரோஸ்டியிடம் சொன்னேன்.
அவன் சாவியைப் பார்த்தான்.

"எத்தனை?"
"ரெண்டு. ஒன்று சினை."

பசாரைத் தாண்டினால் வரிசையாக வேகத்தடைகள்.
தினமும் என் பற்கள் இடிபடும் சாலை.
இன்றைக்கு ஒவ்வொன்றின் மேலும்
முன்சக்கரத்தை ஏற்றி, நிறுத்தி,
பின்சக்கரத்தை இறக்கினான்.
கொக்கியில் தே ஓ
ஆடவேயில்லை.