தரப்பட்டியல்

கோத்தகிரி. கார்த்திகை மழை.
மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து மூன்றாம் நாள்.
போஜனின் லாரி தொழிற்சாலை முற்றத்தில்
தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது.
இறங்க வழியில்லாதவன்
குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து சீட்டு கலைக்கிறான்.

சீட்டு என்றதும் ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள்.
இதில் எங்களுக்குள் பகை கிடையாது.
நாலு பேரும் ஒரே கோட்டைக்குள்.
வெளியே உறைபனி.
அதற்கும் ஒரு கட்டு உண்டு, ஆட ஆள் வேண்டாம்,
தானாகப் புரண்டு
ஒவ்வொரு ஜன்னலாக வெளுத்துக்கொண்டு வரும்.
ஜெயித்தால் எல்லோரும். தோற்றால் எல்லோரும்.
பெரும்பாலும் தோற்போம்.

எனக்கு வேலை சலிப்பறையில்.
சல்லடையின் எந்தக் கண்ணில் எது விழுந்ததோ
அதற்கொரு பெயரை மூட்டையில் எழுதுகிறவன்.
கை சும்மா இருக்குமா?
ஆடியிலிருந்து ஆடிய ஆட்டமெல்லாம் நோட்டில் ஏறியிருக்கிறது.
ஏழு கட்டையும் சலித்துவிட்டேன்.

வாள்காரிக்கு முதலிடம்:
ஓர் ஆட்டத்துக்குச் சராசரி முப்பத்தொரு அடி.
அடுத்தது வில்லாளி.
குதிரை லாயம் மூன்றாவதா நான்காவதா என்று
சுலைகாவுக்கும் எனக்கும் ஒரு மாலை முழுக்கச் சண்டை.
(கோட்டைக்குள் நடந்த ஒரே யுத்தம் அதுதான்.)
கடைசியில், ஏழாவதாக, விளக்குக்காரன்.
அடி: பூஜ்யம்.
அவன் யாரையும் வெட்டமாட்டான்.
தன் முறை வந்தால் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு
‘நீ இன்னொன்று எடுத்துக்கொள்’ என்பான்.
அவ்வளவுதான் அவன்.

நைட் டூட்டி முடித்து வரும் நாட்களில்
யோகராணி அவனைத்தான் எடுப்பாள்.
‘விடிய விடிய வார்டில் நானே முடிவெடுத்தேன்.
இங்கே வேறு யாராவது வெட்டுங்களேன்.’

இன்றைக்குக் கரண்ட் இல்லை.
டார்ச்சை டம்ளருக்குள் நிறுத்தி
அடியை விட்டுவிட்டு வெற்றியை எண்ணினேன்.
அறுபத்தொரு ஆட்டம்.
விளக்குக்காரன் இருந்தது இருபத்தைந்து; ஜெயித்தது பத்தொன்பது.
இல்லாதது முப்பத்தாறு; ஜெயித்தது மூன்று.

மறுபடி எண்ணினேன்.
மூன்றுதான்.

ஏலத்தில் டஸ்ட்தான் முதலில் தீரும் என்று
தினமும் பார்க்கிறவன் நான்.
அதற்குப் பெயர் தூசி.
டம்ளரில் நிறம் ஏற்றுவதும் அதுதான்.
இருந்தும் நோட்டில் அதே தப்பு.

ரப்பரால் அழித்து ஏழை ஒன்றாக்கப் போனேன்.
சுலைகா கையைப் பிடித்துக்கொண்டாள்.
பள்ளியில் கணக்கு எடுக்கிறவள், விடமாட்டாள்:
‘இருபத்தைந்திலும் அதை ஆடியது யோகராணி.
நீ தரம் போடுவது கட்டுக்கா, அவளுக்கா,
அவள் தூக்கக் கலக்கத்துக்கா?’

சரி, மாற்றிப் பார்ப்போம்.
விளக்கு போஜனுக்கு. வாள் யோகராணிக்கு.
போஜன் மலைப்பாதைக்காரன்,
ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கிப் பழகியவன்;
கேட்டவுடன் கொடுத்தான், கேட்காமலும் கொடுத்தான்.
ஆறாம் சுற்றில் கை காலி.
யோகராணி மட்டும் ஐம்பத்திரண்டு அடி அடித்தாள்.
நோட்டிலேயே அதுதான் அதிகம்.
அடுத்த சுற்றில் கோட்டை வெள்ளை.

‘நான் எப்போது கொடுப்பேன் என்று கவனித்ததே இல்லையா நீங்கள்?’ என்றாள்.
கவனித்ததில்லை.
நோட்டில் அதற்குக் கட்டமில்லை.

கோடு போட்டேன் புதிதாக ஒன்று.
தலைப்பு: யார் கையில், யாரோடு.
ஏழு கட்டு, நாலு பேர்.
எத்தனை விதமாக உட்காரலாம் என்று
சுலைகா பெருக்கிச் சொன்னாள்:
எண்ணூற்று நாற்பது.
நாளுக்கு இரண்டு ஆட்டம் என்றாலும் பதினான்கு மாதம்;
அதுவும் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை ஆட.
ஒரு முறை தோற்றதை வைத்து
என்ன தரம் எழுதுவது?

மண் அள்ளும் இயந்திரம்
இன்னும் குஞ்சப்பனையிலேயே நிற்கிறதாம்.
‘பதினான்கு மாதத்துக்குள் சாலை திறந்துவிடும்’ என்றான் போஜன்,
கொஞ்சம் சந்தேகமாக.

யோகராணி அதற்குள் கலைத்துவிட்டாள்.
நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்
ஏழாவதை. அல்லது முதலாவதை.
முதல் முறை வந்தது.
கொடுக்கவா, பொறுக்கவா என்று
மூன்று முகத்தையும் பார்த்தேன்.
நோட்டுக்குள் பென்சில் மாட்டிக்கொண்டிருந்தது.