சேறு

நான் முதலில் பார்த்த வைரஸ்
எழுத்துகளை உதிர்த்தது.

தெற்கு பஜார் மாடியில்,
செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை.
ஏ.சி. எங்களுக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு.
தங்கையா சார் அடித்து வைத்த வட்டிக் கணக்கு
ஒவ்வோர் எழுத்தாய் நழுவி
திரையின் அடியில் குவிந்தது
வேப்பம்பூ மாதிரி.
கை தட்டினோம்.
சார் ஃபிளாப்பியை உருவித் தனி டப்பாவில் போட்டு
'தொடாதே' என்று எழுதினார்.
"நமக்கும் ஒட்டுமா சார்?" என்றாள் ஒருத்தி.
அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் தெரியாது.

பிறகு சமாதானபுரத்தில் எனக்கென்று ஒரு கடை.
பொம்பளை ஸ்க்ரூடிரைவர் பிடிப்பதைப் பார்க்கவே
கொஞ்ச நாள் ஆள் வந்தது.
காதலிப்பதாகச் சொல்லி வந்த ஒரு மெயிலைத் திறந்துவிட்டு
படங்களையெல்லாம் பறிகொடுத்த வேலாயுதப்பெருமாள்
யார் பெயரில் வந்தது என்று
கடைசிவரை சொல்லவில்லை.
"வீட்டுக்குத் தெரிய வேண்டாம்மா."

அப்புறம் பென் டிரைவ்.
பிரின்ட் எடுக்க வரும் காலேஜ் பிள்ளைகளின் சட்டைப்பையில்
ஏறி வந்து இறங்கும்.
ஃபோல்டருக்குள் ஃபோல்டர் குட்டி போடும்.
சுத்தம் செய்ய முந்நூறு ரூபாய்.
உள்ளதைச் சொன்னால்
நாலு வருஷம் என் கடை வாடகையைக் கட்டியது வைரஸ்தான்.
அதுகளுக்குத் திருடத் தெரியாது.
வந்திருப்பதைச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது,
புது பைக் வாங்கிய பயல்
தெருவை நாலு சுற்று சுற்றுவதுபோல.

பணம் கேட்க ஆரம்பித்தது
மேலப்பாளையம் சேகு முகைதீன் ஸ்டூடியோவில்.
பதினோரு வருஷத்துக் கல்யாணங்கள்
பெயர் மாறிப் பூட்டிக் கிடந்தன.
திரையில் சிவப்பாய் ஒரு கடிகாரம்
பின்னோக்கி ஓடியது.
"பேசிப் பாத்தா கொறைப்பானா?" என்று கேட்டார்.
யாரிடம் பேச?

ஒரு மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்தபோது
வண்ணார்பேட்டையிலிருந்து நாற்பத்திரண்டு சி.பி.யு.
சாக்கில் கட்டி வந்தார்கள்.
பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
மதர்போர்டு இடுக்கில் மணல்,
ஒரு நெல்மணி.
பதினேழு பிழைத்தன.
ஆறு எங்கே நுழைந்தது, எதுவரை நின்றது,
கோடு தெரிந்தது.

போன வாரம் ரிட்டயர்டு கண்டக்டர்
ஆறுமுகநயினார் அண்ணாச்சி
போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்,
டிக்கெட் பையைப் பிடிப்பதுபோல.
வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது.
தொட்டிருக்கிறார்.
"பத்திரிகை வந்தா பிரிக்காம இருக்க முடியுமாம்மா?
நாளைக்கு மொகத்துல முழிக்க வேண்டாமா?"
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
அவர் மதியம் தூங்கி எழுவதற்குள்.

போன் நன்றாக இருந்தது.
சூடில்லை. சுணக்கமில்லை.
ஒரு எழுத்தும் உதிரவில்லை.
விரலால் தள்ளித் தள்ளித் தேடினேன்,
ஒரு பொட்டுச் சேறு இல்லை.

அப்போது மேசைமேல் என் போன் அதிர்ந்தது.
'ஆறுமுகநயினார் அண்ணாச்சி',
கீழே ஒரு பத்திரிகை.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"நான் அனுப்பலம்மா" என்றார்,
பெஞ்ச் மேல் ஏற்றிய பையன் குரலில்.

பெட்டியில் பிரஷ் காய்ந்து கிடந்தது.
"எவ்வளவு தரணும்?"
"நான் ஒண்ணும் செய்யலையே அண்ணாச்சி."
பத்தொன்பது முப்பதுக்கு அடித்துப் புகார் சொன்னோம்.
பிறகு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து
என் போனிலிருந்து
ஒவ்வொருவராய்க் கூப்பிட்டார்.
'அதத் தொறக்காதீங்க. கல்யாணம் இல்ல. யாருக்கும் இல்ல.'
ரத்து செய்த பஸ்ஸின் பயணிகளிடம் சொல்வதுபோல
நூற்றெழுபது பேருக்கு.

சுரண்டைச் சித்தப்பா மட்டும் விடவில்லை.
"அது கெடக்கட்டும்வே,
பொண்ணு எந்த ஊரு?"