குளிரில் இருபது

நாளைக் காலை நெத்திலிப் பருவம் திறக்கிறது.
சிம்போட்டே விரிகுடாவில் படகுகள்
விளக்கணைக்காமல் நிற்கின்றன.
மீன்மாவு ஆலையில்
கொதிகலனுக்கு நீரூட்டும் பம்பின் முன்னால்
சம்மணமிட்டிருக்கிறாள் மாரிட்சா சுங்கா,
கைவிளக்கைப் பல்லில் கவ்வியபடி.

போன பருவத்தில் மூன்று கப்ளிங்,
இரண்டு முறை பேரிங்.
ரப்பர் உதிர்ந்து கறுப்பு மாவாய்த் தரையில் கிடந்தது.
மோட்டார் ராசியில்லை என்றார் மேலாளர்.
புது மோட்டார் வந்தது.
அதற்கும் ராசியில்லாமல் போயிற்று.

மோட்டார் தண்டில் டயலைக் கட்டி
பம்புத் தண்டின் முதுகில் அதன் நுனியை வைக்கிறாள்.
"சுற்று" என்கிறாள். சுற்றுகிறேன்.
மேலே பூஜ்யம். பக்கத்தில் ஏழு.
நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர்:
என் நகத்து அழுக்கு அதைவிடத் தடிமன்.
அதைப் போய்ச் சத்தமாகப் படிக்கிறாள்,
கடைக்காரி கடன் பாக்கியைப் படிப்பதுபோல.

பிறகு என்ன தோன்றியதோ,
எழுந்து குழாயிடம் போனாள்.
பம்பின் வாயில் எட்டு போல்ட்.
ஒன்றைத் தளர்த்தினாள். முள் அசையவில்லை.
இரண்டு. மூன்று.
ஐந்தாவதில் துள்ளியது,
தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டவன்போல.
முப்பத்தைந்து.

அந்தக் குழாயை எனக்குத் தெரியும்.
பற்றவைத்தவன் நான்.
ஒரு விரற்கடை எட்டவில்லை அன்று.
சனிக்கிழமை, மணி ஆறு,
மகளுக்குப் பல்வலி.
சங்கிலி மாட்டி இழுத்தேன். வந்தது.
இரும்புதானே, பழகிவிடும் என்று
போல்ட்டை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இரும்பு பழகவில்லை.
ஒரு பருவம் முழுக்க
தன் இடத்துக்குத் திரும்பப் பார்த்திருக்கிறது,
பம்பையும் இழுத்துக்கொண்டு.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.
அதுதான் தாங்க முடியவில்லை.
"அது நான் இழுத்தது" என்றேன்.
விளக்கை வாயிலிருந்து எடுத்தாள்.
"தெரியும், யோந்தோப்.
பற்றில் உன் கையெழுத்து இருக்கிறது.
வெட்டு."

வெட்டு விழுந்ததும் குழாய்
அதே விரற்கடை விலகி நின்றது.
அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் செய்தேன்.
விடியற்காலை இரண்டு மணி.

இன்னும் முடியவில்லை.
மோட்டாரின் ஒரு கால் தரை தொடவில்லை,
ஓட்டல் மேசைபோல.
தகடு இருக்கும் அறைக்குப் பூட்டு,
சாவி லீமாவில், மேலாளரின் பையில்.
குப்பைத் தொட்டியிலிருந்து பீர் டப்பா எடுத்தாள்,
கத்தரித்தாள், அரத்தால் ஓரம் மழித்தாள்,
காலடியில் செருகினாள்.
"எவ்வளவு?"
"பத்து. குடித்தவனுக்குப் புண்ணியம்."

மறுபடி சுற்றினேன்.
மேலே பூஜ்யம், கீழே பூஜ்யம்,
இடமும் வலமும் பூஜ்யம்.
நான் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தேன்.
அவள் இன்னும் டப்பாக்கள் தேடினாள்.
நான்கு காலுக்கும் இரண்டிரண்டு தகடு:
மோட்டாரை வேண்டுமென்றே
நூற்றில் இருபது உயர்த்தினாள்.

"கொதிநீர் ஏறினால் பம்பு வளரும்.
மோட்டார் அவ்வளவு வளராது.
இந்தக் குளிரில் நேராக நிறுத்தினால்
அந்தச் சூட்டில் கோணிக்கொள்ளும்."
படிவத்தில் பூஜ்யம் என்று அச்சடித்திருந்ததை அடித்து
இருபது என்று எழுதினாள்.
கேட்டால் பம்பைக் கேட்கச் சொல் என்றாள்.

ஒன்பதரைக்கு முதல் படகு.
கூரையில் கூழைக்கடாக்கள் இடம்பிடித்தன.
பம்பு சூடேறி ஒரு மணி நேரமாகிறது,
பேரிங்மேல் கை வைத்தேன்:
ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது.
மாரிட்சா குப்பைத் தொட்டியில் சாய்ந்து
எப்போதோ தூங்கிவிட்டாள்.

சங்கிலியை எந்த ஆணியில் மாட்டுவதென்று தெரியாமல்
கையிலேயே வைத்திருக்கிறேன்.