முங்கல்

பாம்பன் தெற்குவாடியில்
வற்றம் பார்த்து இறங்குகிறோம்,
நானும் பிரகாசியும்.
விரலில் சேலைக் கிழிசல்,
காலடியில் தகரத்தட்டு,
எச்சில் தொட்டுத் துடைத்த கண்ணாடி.

செபமாலைக்கு எனக்கு நேரம் வாய்ப்பதில்லை ஆண்டவரே.
ஒரு முங்கலுக்கும் மறு முங்கலுக்கும் நடுவே
தலை மேலே வரும், வாய் திறக்கும்,
காற்றோடு உம் பேரும் உள்ளே போகும்.
அவ்வளவுதான்.

வியாழனன்று குழுத் தவணை.
ஒரே மூச்சில் ரெண்டு பாறை பார்த்துவிடலாமென்று
போன வாரம் கீழேயே கிடந்தேன்.
காது இரைந்தது. கண்ணில் மஞ்சள் பூத்தது.
எப்படி மேலே வந்தேனோ.
"மூச்சென்ன சீட்டுப் பணமா, சேர்த்து வைக்க?"
தலைமயிரைப் பிடித்தபடியே திட்டினாள் பிரகாசி.

ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கியும்
திங்கள் மத்தியானமே பசிக்கிறது.
முன்பெல்லாம் அதற்கு வெட்கப்படுவேன்.

மணலில் கொட்டிய மரிக்கொழுந்துப் பாசி
வெயில் ஏறுமுன்னே சுருண்டுவிடுகிறது.
பாறையை விட்டால் அதற்கு அவ்வளவுதான் ஆயுசு.
அதைப் பிடுங்கி விற்றுத்தான் நான் பிழைக்கிறேன்.
இதை உம்மிடம் எப்படிச் சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.

நாளைக்கும் இறங்குவேன்.
கீழே இருக்கும்போது பேச முடியாது.
மேலே வரும்போது
இரும்.